கேசரிக்கு எவ்வளவு வண்ணம்?

வாசக சகோதரி ஒருவர் சென்ற மாதம் ஒரு கேள்வி எழுதியிருந்தார். "பிஸ்கட், நூடுல்ஸ், குளிர்பானம் என்று எதை வாங்கினாலும் உறையின் பின்புறத்தில் எண் எண்ணாக அச்சிட்டிருக்கிறார்கள். இவையெல்லாம் நஞ்சு என்று அண்டை வீட்டார் அஞ்சுகிறார்கள். என் கணவரோ, அரசாங்கமே அனுமதித்த பிறகு நமக்கென்ன அச்சம் என்கிறார். இருவருள் யார் சொல்வது சரி?" என்பது அவர் கேள்வி. மறுமொழி எழுத உட்கார்ந்தபோது என் நினைவுக்கு வந்தது உறையிட்ட பண்டம் எதுவும் அன்று. எங்கள் வீட்டு விருந்தில் செய்த கேசரிதான். ஆகவே அதிலிருந்தே தொடங்குகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் என் மூத்த பேரனுக்குப் புதுநன்மை வழங்கப்பட்டது. திருப்பலி முடிந்து உறவினரும் பங்கு மக்களுமாக இருநூறு பேருக்குக் காலைச் சிற்றுண்டி. எங்கள் பக்கத்து ஊர்களில் திருமணம், திருவிழா எதுவானாலும் சமைக்கின்ற முதியவர் ஒருவரையே ஏற்பாடு செய்திருந்தோம். விடியற்காலையில் கொட்டகைக்குள் எட்டிப் பார்த்தேன். பெரிய அண்டாவில் ரவை வெந்து கொண்டிருந்தது. "டீச்சரம்மா, கலர் எவ்வளவு போடலாம்?" என்று கேட்டார். "நன்றாகப் போடுங்கள், பார்வையாக இருக்கட்டும்" என்றேன். டப்பாவைத் திறந்து மூன்று விரல்களால் அள்ளி அள்ளிப் போட்டார். "இன்னும் கொஞ்சம்" என்றதும் நான்தான். முப்பது ஆண்டுகள் பள்ளியில் இரசாயனம் கற்பித்த வாய் அதைச் சொல்லிற்று.

அன்று மாலை நான்கு வயதான இளைய பேரனுக்கு உடல் முழுவதும் தடிப்பு எழுந்தது. காணாக்கடி என்று நம் பாட்டிமார் சொல்வார்களே, அதுதான். உதடும் கண்ணிமையும் வீங்கிவிட்டன. மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். ஊசி போட்ட இரண்டு மணி நேரத்தில் தணிந்தது. "இன்று என்ன சாப்பிட்டான்?" என்று மருத்துவர் வினவினார். கேசரி, வடை, ஒரு புட்டி ஆரஞ்சு பானம், பரிசாக வந்த மிட்டாய்கள், யாரோ ஊட்டிவிட்ட கேக் என்று சொல்லச் சொல்ல அவர் எழுதுவதை நிறுத்திவிட்டார். "எது காரணம் என்று இதிலிருந்து சொல்ல இயலாது. சாயமாக இருக்கலாம், வேறாகவும் இருக்கலாம். இனிமேல் சாயம் போட்டதைக் கொடுத்துப் பார்க்க வேண்டாம்" என்றார். கேசரிதான் குற்றவாளி என்று இன்றுவரை என்னால் நிரூபிக்க இயலாது. ஆயினும் "இன்னும் கொஞ்சம்" என்ற சொல் என் காதில் நெடுநாள் ஒலித்துக் கொண்டிருந்தது.

இனிச் சகோதரியின் கேள்விக்கு வருவோம். உணவில் ஊட்டத்திற்காக அன்றி வேறு ஒரு வேலைக்காகச் சேர்க்கப்படும் பொருளையே உணவுச் சேர்ப்புப் பொருள் என்கிறோம். கெடாமல் காப்பது, புளிப்பூட்டுவது, உப்பச் செய்வது, நிறமும் மணமும் தருவது ஆகியவை அந்த வேலைகள். இது நமக்குப் புதியதன்று. மீனவர் ஊர்களில் கருவாட்டுக்கு உப்பிடுவது கெடாமல் காக்கும் முறையே. அப்பளத்துக்கு அப்பளக்காரமும் ஆப்பத்துக்குச் சோடா உப்பும் எத்தனையோ தலைமுறைகளாக நம் அடுக்களையில் இருப்பவை. அந்தச் சோடா உப்பைத் தொழிற்சாலையில் சேர்த்தால் உறையில் 500 என்று குறிப்பார்கள். மஞ்சளின் நிறப்பொருளுக்கு எண் 100. எலுமிச்சையில் உள்ள சிட்ரிக் அமிலத்துக்கு 330. வைட்டமின் சி என்னும் அஸ்கார்பிக் அமிலத்துக்கு 300. எண்ணைக் கண்டதும் அஞ்சுகிறவர் எலுமிச்சம் பழத்துக்கும் அஞ்சியாக வேண்டும். உலக நாடுகள் ஒரே பொருளை ஒரே அடையாளத்தால் அறியும்படி ஏற்படுத்திய வரிசையே இந்த எண்கள், ஐ.என்.எஸ். என்ற எழுத்துகளோடும், ஐரோப்பியப் பண்டங்களில் ஈ என்ற எழுத்தோடும் வரும். இவ்வளவில் அண்டை வீட்டாரின் அச்சம் மிகையானது.

கணவர் சொல்வதும் முழுவதும் சரியன்று. ஏன் என்பதற்கு ரொட்டியின் கதை ஒன்று போதும். மாவு நன்றாக எழும்பி, ரொட்டி மென்மையாகவும் பருத்தும் வருவதற்காகப் பொட்டாசியம் புரோமேட் என்னும் பொருளைப் பிசையும் மாவில் சேர்த்து வந்தார்கள். சரியான அளவில் சேர்த்துப் போதிய வெப்பத்தில் சுட்டால் அது தீங்கற்ற புரோமைடாக மாறிவிடும் என்பது அதற்கு ஆதரவாகச் சொல்லப்பட்ட வாதம். அளவு மிகுந்தாலோ சூடு குறைந்தாலோ ஒரு பகுதி மாறாமல் எஞ்சிவிடும். விலங்குகளிடம் அது புற்றுநோயை உண்டாக்குவதைக் கண்ட பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம், மனிதருக்கும் புற்றுநோய் விளைவிக்கக் கூடியவற்றின் பட்டியலில் அதைச் சேர்த்தது. இங்கிலாந்தில் 1990இலேயே தடை செய்துவிட்டார்கள். நம் நாட்டிலோ அனுமதி தொடர்ந்தது. 2016 மே மாதத்தில் தில்லியிலுள்ள அறிவியல், சுற்றுச்சூழல் மையம் அந்நகரத்து ரொட்டி, பன் வகைகளில் 38 மாதிரிகளைச் சோதித்து, நூற்றுக்கு 84 மாதிரிகளில் பொட்டாசியம் புரோமேட்டோ அயோடேட்டோ இருப்பதாக அறிவித்தது. அடுத்த மாதமே மத்திய அரசு புரோமேட்டைத் தடை செய்தது. அனுமதிக்கப்பட்டது என்றால், இன்றுவரை அறிந்ததைக் கொண்டு, குறித்த அளவுக்குள், குறித்த பண்டத்தில் சேர்க்கலாம் என்று பொருள். நாளை அறிவு கூடினால் அனுமதி போய்விடும்.

ஆகையால் எண்ணைப் பார்த்து அஞ்சுவதையும் முத்திரையைப் பார்த்து அமைதி கொள்வதையும் விட்டுவிட்டு, ஒவ்வொரு பொருளையும் நோக்கி, "உனக்கு இங்கே என்ன வேலை?" என்று கேட்பதே நல்லது. இறைச்சியைக் கெடாமல் காக்கிறேன் என்று ஒன்று சொல்லலாம். ஊறுகாயில் பூஞ்சை படராமல் தடுக்கிறேன் என்று மற்றொன்று சொல்லலாம். அவ்வேலையின் பயனையும் அதனால் வரக்கூடிய தீங்கையும் தராசில் இட்டுப் பார்க்க வேண்டும். இவ்வாறு கேட்டுக்கொண்டே போனால் ஒரே ஓர் இனம் மட்டும் விடை சொல்லாமல் தலை குனிந்து நிற்கும். அதுதான் செயற்கைச் சாயம். அது உணவைக் கெடாமல் காப்பதில்லை, சத்தும் தருவதில்லை, சுவையும் இல்லை. இல்லாத பழம் இருப்பதுபோலவும், ஊற்றாத நெய்யும் போடாத குங்குமப்பூவும் நிறைந்திருப்பது போலவும் கண்ணுக்குக் காட்டுவது மட்டுமே அதன் பணி.

1856இல் இங்கிலாந்தில் வில்லியம் பெர்க்கின் என்ற பதினெட்டு வயது மாணவர், மலேரியாவுக்கு மருந்தான கொய்னாவைச் செயற்கையாகச் செய்ய முயன்றார். அது கைகூடவில்லை. நிலக்கரித் தாரிலிருந்து பெற்ற பொருள் ஊதா நிறச் சாயமாக அவருடைய கண்ணாடிப் பாத்திரத்தில் நின்றது. துணிக்கு ஏற்ற அந்தச் சாயத்தைத் தொடர்ந்து நூற்றுக்கணக்கான சாயங்கள் பிறந்தன. துணிக்கு வந்தவை மெல்லச் சமையலறைக்கும் வந்தன. கெட்டு வெளுத்த பண்டத்தைப் புதியதாகக் காட்ட இதைவிட மலிவான வழி வியாபாரிகளுக்கு அதற்கு முன் கிடைத்ததில்லை. பின்னர் ஒவ்வொரு நாட்டிலும் சட்டம் வந்தது. நம் நாட்டில் 1954ஆம் ஆண்டின் உணவுக் கலப்படத் தடைச் சட்டமும், அதன் இடத்தில் வந்த 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டமும் செயற்கைச் சாயங்களைக் கட்டுப்படுத்தின. 2011இல் வெளியான விதிகள் எட்டுச் சாயங்களை மட்டும் அனுமதித்தன. பொன்சோ, கார்மோசின், எரித்ரோசின் ஆகிய மூன்றும் சிவப்பு. டார்ட்ராசினும் சன்செட் எல்லோவும் மஞ்சள். மற்றவை நீலமும் பச்சையும். அவற்றையும் எல்லாப் பண்டங்களிலும் சேர்க்கலாகாது. சேர்க்கத்தக்க பண்டங்களில் பெரும்பாலானவற்றுக்குக் கிலோவுக்கு 100 மில்லிகிராம் என்பது உச்ச வரம்பு.

இந்த வரம்பின் பொருள் விளங்க ஒரு சிறு கணக்குப் போடுவோம். ஒரு பொருளை வாழ்நாள் முழுவதும் நாள்தோறும் உட்கொண்டாலும் தீங்கு விளையாது என்று கருதத்தக்க அளவை, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு இவ்வளவு என்று நிபுணர்கள் வரையறுக்கிறார்கள். விலங்குகளிடம் எந்தத் தீங்கும் தோன்றாத அளவைக் கண்டறிந்து, பெரும்பாலும் அதை நூறால் வகுத்து இதைப் பெறுகிறார்கள். கேசரிக்குரிய சன்செட் எல்லோவுக்கு உலக சுகாதார நிறுவனமும் உணவு வேளாண்மை நிறுவனமும் சேர்ந்து அமைத்த நிபுணர் குழு 2011இல் குறித்த அளவு கிலோவுக்கு 4 மில்லிகிராம். பதினைந்து கிலோ எடையுள்ள குழந்தைக்கு 60 மில்லிகிராம் ஆகிறது. சட்டப்படி வண்ணமிட்ட கேசரியாயின் அறுநூறு கிராம் தின்றால்தான் அக்குழந்தை இந்த எல்லையைத் தொடும். எந்தக் குழந்தையும் அவ்வளவு தின்னாது. சமையல்காரர் அறியாமல் பத்து மடங்கு போட்டுவிட்டாலோ அறுபது கிராம் போதும், ஒரு கரண்டி.

எங்கள் வீட்டு அண்டாவில் ஏறக்குறைய இருபத்தைந்து கிலோ கேசரி இருந்தது. அதற்குச் சட்டம் இடம் தருவது இரண்டரை கிராம் சாயம். நகைக்கடைத் தராசில் நிறுக்க வேண்டிய அளவு அது. மூன்று விரல்களால் அள்ளியள்ளிப் போட்டதையும், அதன்மேல் என் "இன்னும் கொஞ்ச"த்தையும் எந்தத் தராசும் கண்டதில்லை. அந்த முதியவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கண்ணால் பார்த்துத்தான் அவருக்கு அளவு தெரியும். கண்ணுக்கு நிறைவாகக் கேட்டவர்கள் நாம்.

பெரியவர்களைவிடக் குழந்தைகளுக்கே இதில் ஆபத்து மிகுதி. உடல் சிறியது, வண்ணப் பண்டங்களை விரும்பி உண்பதோ மிகுதி. ஐதராபாத்திலுள்ள தேசிய சத்துணவு நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் அந்நகரத்துச் சிறுவர் சிறுமியர் உண்டவற்றைக் கணக்கிட்டு 2004இல் வெளியிட்ட ஆய்வில், சில குழந்தைகள் சில சாயங்களைப் பொறுத்தவரை மேற்கூறிய எல்லையைத் தாண்டியிருந்தது தெரியவந்தது.

இதுவரை கூறியது அனுமதி பெற்ற சாயங்களைப் பற்றி. அனுமதியே இல்லாதவற்றின் கதை இதனினும் வருந்தத்தக்கது. மெட்டனில் எல்லோ என்று ஒரு சாயம் உண்டு. மஞ்சள் பொடி, துவரம் பருப்பு, லட்டு, ஜிலேபி ஆகியவற்றில் பல்லாண்டுகளாகப் பிடிபட்டு வருவது. எலிகளுக்குத் தொடர்ந்து கொடுத்துச் சோதித்தபோது மூளையின் இரசாயனச் செயற்பாட்டிலும் கற்கும் திறனிலும் மாறுதல்கள் காணப்பட்டன. ஒன்பதாம் வகுப்பு மாணவியருக்கு நான் ஆண்டுதோறும் ஒரு சோதனை செய்து காட்டுவேன். பருப்பை வெந்நீரில் ஊறவைத்து, அந்த நீரில் சில துளி ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டால், இச்சாயம் இருக்குமாயின் நீர் ரோஜா நிறமாகும். மஞ்சள் பொடியில் மட்டும் அவசரப்படக் கூடாது. தூய மஞ்சளும் அமிலத்தில் முதலில் சிவக்கும். தண்ணீர் ஊற்றி நீர்க்கச் செய்தால் அந்நிறம் மறைந்துவிடும், சாயமானால் மறையாது. "டீச்சர், எங்கள் வீட்டுப் பருப்பு!" என்று ஒரு சிறுமி கூவியது இன்னும் நினைவிருக்கிறது. இதை வீட்டில் செய்து பார்க்க வேண்டாம். அமிலம் விளையாட்டுப் பொருளன்று.

2024 பிப்ரவரியில் நடந்தது பலருக்கும் நினைவிருக்கும். புதுச்சேரியில் விற்ற பஞ்சு மிட்டாயில் ரோடமின் பி என்னும் சாயம் இருப்பதை அதிகாரிகள் கண்டுபிடித்தனர். துணிக்கும் காகிதத்துக்கும் ஏற்றும் சாயம் அது. விலங்குச் சோதனைகளில் கல்லீரலைத் தாக்குவது. புதுச்சேரியில் விற்பனை தடை செய்யப்பட்டது. தமிழ்நாட்டில் எடுத்த மாதிரிகளிலும் அதே சாயம் தெரியவே, அம்மாதம் 17ஆம் நாள் இங்கும் தடை வந்தது. மார்ச் மாதத்தில் கர்நாடகம் பஞ்சு மிட்டாயிலும் கோபி மஞ்சூரியனிலும் செயற்கை வண்ணம் சேர்ப்பதைத் தடுத்தது. தேர்த் திருவிழாவில் நம் பிள்ளைகள் கையில் ஏந்தி வந்த அந்த இளஞ்சிவப்புப் பந்து எத்தனை ஆண்டுகளாக எந்தச் சாயத்தால் சிவந்திருந்ததோ! பஞ்சு மிட்டாய் வெறும் சர்க்கரை. அது வெண்மையாகவே நூலாய் வரும். வெண்மையாக விற்றால் பிள்ளைகள் வாங்குவதில்லை என்பதற்காகவே சாயம். ஊர் ஊராகத் தூக்கி விற்ற இளைஞர்களுள் பலருக்கு அந்தப் பொடியின் பெயர்கூடத் தெரிந்திருக்காது என்றே நான் எண்ணுகிறேன்.

சாயம் குழந்தைகளை அமைதியற்றவர்களாக்கும் என்று சொல்கிறார்களே, அது உண்மையா என்று தாய்மார் கேட்பதுண்டு. அமெரிக்காவில் பெஞ்சமின் பைங்கோல்ட் என்ற ஒவ்வாமை மருத்துவர் 1975இல் எழுதிய நூலில் இக்கருத்தை வலியுறுத்தினார். அறிஞர் பலர் அதை ஏற்கவில்லை. பின்னர் இங்கிலாந்தில் சவுத்தாம்டன் பல்கலைக்கழகத்தார் மூன்று வயதினரையும், எட்டு ஒன்பது வயதினரையுமாக ஏறக்குறைய முந்நூறு குழந்தைகளைக் கொண்டு கவனமாக ஆராய்ந்தனர். சாயங்களும் சோடியம் பென்சோவேட்டும் கலந்த பானத்தைச் சில நாள்களிலும், அவை இல்லாத, அதே தோற்றமும் சுவையும் உள்ள பானத்தைச் சில நாள்களிலும் கொடுத்தார்கள். எந்த நாள் எந்தப் பானம் என்பது பெற்றோருக்கும் தெரியாது. 2007இல் லான்செட் இதழில் வெளியான முடிவு இது: சாயக் கலவை அருந்தியபோது குழந்தைகளின் துறுதுறுப்பு சராசரியாகச் சற்றுக் கூடியது. எல்லாக் குழந்தைகளிடமும் கூடவில்லை. கூடியதும் பெரிய அளவிலன்று. ஐரோப்பிய நாடுகள் இதைக் கருதி, குறிப்பிட்ட ஆறு சாயங்கள் சேர்ந்த உணவின் மேல் குழந்தைகளின் செயற்பாட்டையும் கவனத்தையும் பாதிக்கலாம் என்று அச்சிட வேண்டும் என 2010 ஜூலை முதல் விதித்தன. பல நிறுவனங்கள் அந்த வாசகத்தை அச்சிடுவதற்குப் பதிலாகச் சாயத்தையே மாற்றிவிட்டன. பாடத்தில் மனம் செல்லாத பிள்ளைக்கெல்லாம் மிட்டாய்தான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. தூக்கக் குறைவும் கைப்பேசியும் முன்னால் நிற்கின்றன. ஆயினும் ஒரு பயனும் இல்லாத பொருளுக்காகச் சிறிய தீங்கையும் ஏன் ஏற்க வேண்டும் என்பதே என் கேள்வி.

அறிஞர்களும் ஒரே குரலில் பேசுவதில்லை. பொன்சோ என்னும் சிவப்புச் சாயத்துக்குக் கிலோவுக்கு 4 மில்லிகிராம் என்றிருந்த அளவை ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2009இல் 0.7 ஆகக் குறைத்தது. உலக நிபுணர் குழுவோ 2011இல் 4 என்பதையே நிலைநிறுத்தியது. எரித்ரோசினை எடுத்துக்கொண்டால், ஆண் எலிகளின் தைராய்டு சுரப்பியில் கட்டி உண்டாக்கியதால் அமெரிக்கா 1990இல் அதை உதட்டுச் சாயம் முதலிய ஒப்பனைப் பொருள்களில் தடுத்தது. உணவில் தடுக்க 2025 ஜனவரி வரை ஆயிற்று. எலியிடம் கண்ட அந்த வழியில் மனிதருக்கு நோய் வருவதில்லை என்று சொல்லிக்கொண்டேதான் தடுத்தார்கள். விலங்கிடம் புற்றுநோய் உண்டாக்கும் சேர்ப்புப் பொருள் எதையும் அனுமதிக்கலாகாது என்பது 1958 முதல் அங்குள்ள சட்டம். உதட்டில் பூச ஆகாதது வயிற்றுக்குள் செல்ல முப்பத்தைந்து ஆண்டுகள் அனுமதி இருந்ததை என்னவென்பது!

மற்ற பொருள்களைச் சுருக்கமாகவே தொடுகிறேன். சோடியம் பென்சோவேட்டின் எண் 211. பழரசம், சாஸ், ஊறுகாய் வகைகளில் பூஞ்சையைத் தடுக்கிறது, பெரும்பாலோருக்குத் தீங்கில்லை. உலர்திராட்சையை மஞ்சளாகவே வைத்திருக்கும் சல்பைட்டுகளின் எண் 220 முதல் 228 வரை. ஆஸ்துமா உள்ளவருள் ஒரு சிறு பகுதியினருக்கு இவை மூச்சுத் திணறலை வரவழைக்கும். அத்தகையோர் வீட்டில் இந்த எண்களை நினைவில் வைப்பது நல்லது. ஹாம், பேக்கன், சாசேஜ் முதலியவற்றில் சேரும் சோடியம் நைட்ரைட்டின் எண் 250. பொட்டுலிசம் என்னும் உயிர்கொல்லி நஞ்சு உண்டாகாமல் தடுக்கும் உண்மையான வேலை அதற்கு உண்டு. அதுவே இறைச்சியில் நைட்ரசமின் என்னும் தீய பொருள்கள் தோன்றவும் இடம் தருகிறது. இவ்வாறு பதப்படுத்திய இறைச்சியை நாள்தோறும் 50 கிராம் உண்பவருக்குப் பெருங்குடல் புற்றுநோய் வரும் வாய்ப்பு நூற்றுக்குப் பதினெட்டு வீதம் கூடுகிறது என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2015இல் கூறிற்று. கிறிஸ்துமஸ் அன்று உண்ணும் இரண்டு துண்டுக்காக அஞ்ச வேண்டாம். காலை தோறும் பிள்ளைக்கு அதைப் பொரித்துக் கொடுக்கும் வழக்கத்தைத்தான் மாற்ற வேண்டும்.

அஜினோமோட்டோவுக்குப் பழி மிகுதி. கடற்பாசி ரசத்தின் சுவை எங்கிருந்து வருகிறது என்று ஆராய்ந்த ஜப்பானியப் பேராசிரியர் கிகுனே இகேடா 1908இல் கண்டறிந்தது அது. தக்காளியிலும் தாய்ப்பாலிலும்கூட குளுட்டமேட் இயல்பாகவே உள்ளது. 1968இல் அமெரிக்க மருத்துவ இதழில் வெளிவந்த ஒரு கடிதத்திலிருந்து தலைவலி, படபடப்பு என்ற குற்றச்சாட்டு கிளம்பிற்று. பின்னர் நடந்த முறையான சோதனைகள் அதை உறுதியாக மெய்ப்பிக்கவில்லை. அதற்காக நான் அதைச் சிபாரிசு செய்யவில்லை. சரக்குக் குறைந்த குழம்பையும் உண்ண வைப்பது அதன் திறமை என்பதால் என் அடுக்களையில் அதற்கு இடமில்லை. நம் நாட்டில் அஜினோமோட்டோவுக்கு அஞ்சுகிறவர்களுள் பாதிப் பேர் உப்புக்கு அஞ்சுவதில்லை. நாளொன்றுக்கு 5 கிராமுக்கும் குறைவாகவே உப்புப் போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஊறுகாய், அப்பளம், கருவாடு மூன்றும் ஒரே தட்டில் சேர்ந்தால் அந்தக் கணக்கு அத்தட்டோடு முடிந்துவிடும்.

நீரிழிவு உடையோர் சர்க்கரைக்குப் பதில் போட்டுக்கொள்ளும் அஸ்பார்டேம் 2023 ஜூலையில் "புற்றுநோய் விளைவிக்கக் கூடும்" என்ற பட்டியலில் சேர்ந்தபோது பல வீடுகளில் கலக்கம் ஏற்பட்டது. அதே நாளில், உடல் எடை ஒரு கிலோவுக்கு 40 மில்லிகிராம் வரை கொள்ளலாம் என்ற பழைய அளவை நிபுணர் குழு மாற்றாமல் விட்டது. சான்று வலுவற்றது என்பதே அதன் பொருள். ஆகவே தேநீரில் ஒரு மாத்திரை போட்டுக்கொள்ளும் முதியவரை யாரும் வெருட்ட வேண்டாம்.

கடையில் பண்டம் வாங்கும்போது உறையில் இரண்டு இடங்களைப் பார்த்தால் போதும். சேர்மானங்கள் எடையின் வரிசையில் அச்சிடப்படுவதால், சர்க்கரை முதலிடத்திலும் பழம் கடைசியிலும் இருந்தால் அது எத்தகைய பழரசம் என்பது விளங்கிவிடும். அடுத்து 102, 110, 122, 124, 127 என்ற எண்களோ, அனுமதிக்கப்பட்ட செயற்கை வண்ணம் சேர்ந்தது என்ற வாசகமோ உண்டா என்று பார்க்கலாம். இருந்தால் குழந்தைக்கு அதை வாங்காமல் விடுவதால் ஒரு நட்டமும் இல்லை. உறையே இல்லாத பண்டத்தில்தான் சிக்கல். கொட்டகை அண்டாவின் மேல் யாரும் எண்களை அச்சிடுவதில்லை.

இவ்வாண்டு அந்த இளைய பேரனுக்கே புதுநன்மை. அதே சமையல்காரரை அழைத்தோம், இன்னும் முதியவராகியிருந்தார். "இந்த முறை கேசரிக்குக் கலர் வேண்டாம்" என்றேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. "டீச்சரம்மா, வெள்ளையாக வைத்தால் உப்புமாவில் சர்க்கரையைக் கொட்டிவிட்டான் என்று என்னைத்தான் ஏசுவார்கள்" என்றார். ஒருவாறு பேசிக் கருப்பட்டிக் கேசரி என்று முடிவாயிற்று. ரவையை நெய்யில் சிவக்க வறுத்துப் பாகை வடிகட்டி ஊற்றினார். மணம் தெருவரை சென்றது. பந்தியில் என் நாத்தனார் இலையைப் பார்த்துவிட்டு, "என்ன மதினி, அடிப்பிடித்துவிட்டதா?" என்று கேட்டார். பெரியவர்கள் இரண்டாம் முறை கேட்டு வாங்கினார்கள். பிள்ளைகளில் பாதிப் பேர் தொடவில்லை. விழாவுக்குரிய பேரனே, "சிவப்புக் கேசரி இல்லையா பாட்டி?" என்றான். சமையல்காரர் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

கூலி வாங்கிக்கொள்ளும்போது அவர் சற்றுத் தயங்கினார். "அடுத்த ஞாயிறு வேறு ஒரு வீட்டு விருந்து, அம்மா. சிவப்பாகத்தான் வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். என்னிடமுள்ள டப்பாவைக் கொண்டு வருகிறேன், அதில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துச் சொல்லுங்கள்" என்றார். இரண்டு நாள் கழித்துக் கொண்டு வந்தார். மூடியில் குங்குமப்பூவின் படம் இருந்தது. சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். சாயத்தின் பெயரோ எண்ணோ இல்லை. செய்தவர் முகவரி இல்லை. உணவுப் பாதுகாப்பு ஆணையம் தரும் பதினான்கு இலக்க உரிம எண்ணும் இல்லை. "எத்தனை வருடமாக இதைப் போடுகிறீர்கள்?" என்று கேட்டேன். "கடைக்காரர் கொடுப்பதுதானே அம்மா. இருபது வருடம் இருக்கும்" என்றார். ஞாயிற்றுக்கிழமை வீட்டாரிடம் நானே பேசுவதாகச் சொல்லி அந்த டப்பாவை வாங்கி வைத்துக்கொண்டேன். மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் ஒப்படைப்பதற்காக அது இப்போது என் மேசை மேல் இருக்கிறது.